சார்ஜன் பார்த்த ஓட்டம்

ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் ஓடி வந்து, தரையை விட்டு எழும்பி, ஒரு தடுப்பைத் தாண்டிப் போனதை என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். கிள்ளானில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணி ஏழாகப் பதின்மூன்று நிமிடம் இருந்தபோது. முன்கால் நீண்டு போனது, பின்கால் மடங்கிப் பக்கவாட்டில் வந்தது, தலை கொஞ்சமும் ஆடவில்லை. அந்த அரை விநாடியில் அவருடைய வயது, மூட்டுவலி, அலுவலகத்தில் நாங்கள் தினமும் பார்க்கும் சலித்துப்போன முகம் எல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டன. அந்தப் பக்கம் ஒரு போக்குவரத்துப் போலீஸ் சார்ஜன் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில், பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிய தே தாரிக் டீ சூடாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தாண்டியவர் எங்கள் அலுவலக அக்கா. அவர் பெயரைச் சொன்னால் இந்த நாட்டில் கொஞ்சம் வயதானவர்கள் எல்லாருமே 'ஆ, அவங்களா!' என்பார்கள். நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் நாட்டுக்காக ஓடியவர். பத்துத் தடைகளைத் தாண்டி ஒரு முழுச் சுற்று ஓட வேண்டிய பந்தயம் அது. வாங்கிய பதக்கங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தாலும், ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது அவர் தோற்ற ஒரே ஓட்டத்தைத்தான். கோலாலம்பூரில் நடந்த பெரிய போட்டியில், கடைசித் தடையில் கால் இடறி விழுந்தார். முழங்காலில் ரத்தம் வழிய எழுந்தார். தூக்குப்படுக்கையோடு ஓடி வந்தவர்களை விலக்கிவிட்டு நொண்டிக்கொண்டே கோட்டைத் தொட்டார். பள்ளி விளையாட்டு விழாக்களில் தலைமையாசிரியர்கள் இன்னமும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அப்போது எடுத்த படம்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது: இரட்டைப் பின்னல், இருபத்தோரு வயது, பல்லைக் கடித்த முகம். அதற்குப் பிறகு அக்கா படம் எடுக்க யாரையும் விட்டதில்லை. எங்கள் அலுவலகத்தில் மூன்றாம் எண் கவுண்டரில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரங்களைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. நான் நான்காம் எண். பன்னிரண்டு வருடம் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டேப்லர் மட்டுமே இருந்தது.

அந்த வருடம் எங்கள் அலுவலகம் கிள்ளான் நகரத்தில் ஒரு பொது ஓட்டம் நடத்தியது. அக்காதான் ஹாரனை ஊதி ஓட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் கொடுத்த டி-சட்டையில், நெஞ்சு முழுவதும் அந்த இருபத்தோரு வயது முகம். அக்காவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். "என் மூஞ்ச என் வயித்து மேலயே போட்டுக்கிட்டு நிக்கணுமா? வேணாம்லா தம்பி" என்று அதை மடித்து என் மேசையில் வைத்துவிட்டார். ஓட்டத்தன்று ஒரு சாம்பல் நிறச் சட்டையும் பழைய டிராக் பேன்ட்டும் போட்டுக்கொண்டு வந்தார். சந்தைக்கு மீன் வாங்கப் போகிறவர் மாதிரி இருந்தது. அவரை பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து காரில் ஏற்றி, ஆறரைக்குள் மேடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. அப்போது என் பதவி உயர்வுக் கடிதம் மேனேஜர் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

நான் தூங்கிப்போனேன். நான் இருக்கும் செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்போதே மணி ஆறைத் தாண்டிவிட்டது. "ஜாம் அக்கா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செந்தூலில் என்ன ஜாம் என்று அக்கா கேட்கவில்லை. காரில் ஏறி, கைப்பையையும் கைத்தொலைபேசியையும் பின்சீட்டில் போட்டுவிட்டு, கிள்ளான் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டார். நகரத்துக்குள் நுழைந்ததும் சாலையின் குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்புகள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் இறங்கி ஓடினோம். நடைபாதையையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். தடுப்புக்குப் பின்னால் சார்ஜன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், மீசை நரைத்தவர், நம்ம ஆள், தமிழர். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. அவசரப்பட்டு வந்த தைரியம் அது.

"ரோடு தூத்துப்லா அக்கா, மூடியாச்சு. சுத்திப் போங்க. ரயில் ஸ்டேஷன் பக்கமா ஒரு வாசல் இருக்கு" என்றார் சார்ஜன்.

"சுத்திப் போனா அரை மணி நேரம் ஆகும் சார்ஜன். ஏழு மணிக்கு அந்த ஓட்டத்தத் தொடங்கி வைக்கப் போறதே நான்தான்."

"இப்பத்தான் ஒரு ரொட்டி லோரிக்காரன் வந்தான். விஐபிக்கு ரொட்டி கொண்டு போறேன்னான். அதுக்கு முன்ன ஒருத்தர், நான்தான் விஐபிங்கறார். எனக்கு ஆர்டர், யாரையும் விடக்கூடாது."

அக்கா தன் பெயரைச் சொன்னார். சார்ஜன் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு நான் போட்டிருந்த டி-சட்டையில் இருந்த முகத்தைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். "பெரிய மனுசங்க பேரையெல்லாம் இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க அக்கா, தப்பு" என்று அன்பாகவே சொன்னார். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் போனார். திரும்பிப் போகிறார் என்று சார்ஜன் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எழும்பியதில் ஒரு குறையும் இல்லை. இறங்கியதில்தான் குறை. இடது மூட்டு மடங்கி, விழாமல் இருக்க அக்கா எட்டிப் பிடித்தது சார்ஜனின் கையை. தே தாரிக் பை வெடித்தது. போக்குவரத்துப் போலீஸார் போடும் சட்டை வெள்ளை நிறம் என்று எல்லாருக்கும் தெரியும். அது எவ்வளவு வெள்ளை என்பது தே தாரிக் ஊற்றிய பிறகுதான் தெரிந்தது. சார்ஜன் கத்தவில்லை. சட்டையைக் குனிந்து பார்த்தார். பையில் மிச்சமிருந்ததை ஓரமாகக் கொட்டினார். "அரசாங்க உடுப்பு" என்றார். பிறகு, "போலீஸ் கூடாரத்துக்கு வாங்க அக்கா. ஸ்டேட்மென்ட் எடுக்கணும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க இவங்க கூட வந்தவரா?"

"இல்ல சார்ஜன். நான் சும்மா ஓட வந்தேன்" என்றேன்.

அவருடைய முகத்தை என் நெஞ்சில் போட்டுக்கொண்டே, அவரைத் தெரியாது என்று சொன்னேன். யாரோ வேறொருவர் என் வாயால் பேசியது போல் அவ்வளவு சுலபமாக வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. கவுண்டரில் தவறான பாரத்தை நீட்டுகிற ஆளை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே சார்ஜனோடு கூடாரத்தை நோக்கி நடந்தார். நான் மேனேஜரைத் தேடித்தான் போகிறேன், உதவி கொண்டுவரத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றி ஓடினேன். அந்த அரை மணி நேரத்தில் என் காரை நகராண்மைக் கழகத்து லோரி இழுத்துக்கொண்டு போனதையும் வழியில் என் கண்ணாலேயே பார்த்தேன். காருக்குள் அக்காவின் கைப்பை, கைத்தொலைபேசி, அடையாள அட்டை எல்லாம் போய்க்கொண்டிருந்தன.

மேடையில், கூட்டத்துக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், தெரிந்த அசைவையெல்லாம் மூன்றாவது சுற்றாகச் செய்துகொண்டிருந்தார். ஓடுவதற்கு முன்பே ஜனங்கள் களைத்துப்போயிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் மேனேஜரின் முகம் வெளுத்தது. போலீஸ் என்ற வார்த்தை யார் காதிலும் விழக்கூடாது, அவருக்கு உடம்பு சரியில்லை என்று அறிவித்துவிடலாம், நீ இங்கேயே நில், அந்தக் கூடாரத்துப் பக்கம் போகாதே என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியை வாங்கினார். இன்று நம்மோடு இருக்க முடியாமல் போன வீராங்கனையின் மனவுறுதியை நினைத்துப் பார்ப்போம் என்று தொடங்கி, கடைசித் தடை, ரத்தம், தூக்குப்படுக்கை என்று கதை முழுவதையும் சொன்னார். அத்தனை பேரும் கைதட்டினார்கள். இறந்துபோனவருக்கு அஞ்சலி செலுத்துவது போல் இருந்தது. நானும் கைதட்ட இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அப்போதுதான் குனிந்து டி-சட்டையைப் பார்த்தேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பாமல் நடந்தேன்.

கூடாரத்துக்குள் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, போலீஸாருக்கு வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் கொடுத்தவர் சார்ஜன்தான். அவர் எதிரே மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"சார்ஜன், நான் பொய் சொன்னேன். இவங்க எங்க ஆபீஸ் அக்கா. நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். "முதல்ல தெரியாதுன்னீங்க. இப்பத் தெரியும்ங்கறீங்க. எதை எழுதறது?"

"ரெண்டையும் எழுதுங்க" என்றார் அக்கா, சம்பலைத் தொட்டுக்கொண்டே.

என்னையும் உட்கார வைத்தார். அக்கா சொன்ன அடையாள அட்டை எண்ணை ரேடியோவில் கேட்டுச் சரிபார்த்தாகிவிட்டது. பெயர் பொருந்தியது. ஆனால் அந்தப் பெயரில் கிள்ளானிலேயே பத்துப் பேர் இருப்பார்கள் என்பது சார்ஜனின் வாதம். சட்டப்படி பார்த்தால் தடுப்பைத் தாண்டியவர் யாராக இருந்தால் என்ன, எழுதிவிட்டு அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அவருக்கு இது சட்ட விஷயமாக இல்லை. "நான் அந்த ஓட்டத்த நேர்ல பார்த்தவன் தம்பி. அன்னிக்கு ஸ்டேடியத்துலதான் டூட்டி. அவங்க இப்படி ரோட்டுல குதிச்சு, போலீஸ் மேல தண்ணி ஊத்துற ஆள் இல்ல" என்றார். பிறகு அக்காவிடம், "சரி, அவங்கதான்னா சொல்லுங்க. எந்த ஹர்டல்ல விழுந்தீங்க?"

"எட்டாவதுல."

சார்ஜன் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "பார்த்தீங்களா? பத்தாவது. ஊருக்கே தெரியும்."

"பேப்பர்காரங்க அப்படி எழுதிட்டாங்க. கடைசின்னா நல்லா இருக்கும்னு. விழுந்தவ எனக்குத் தெரியாதா சார்ஜன், எதுல விழுந்தேன்னு?"

"சரி. ஸ்ட்ரெச்சர் வந்திருச்சு. ஏன் ஏறல?"

அக்கா பொட்டலத்தை மடித்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "விழுந்ததுல ஷார்ட்ஸ் பின்பக்கம் நீளமா கிழிஞ்சு போச்சு. ஸ்ட்ரெச்சர்ல எப்படிப் படுத்தாலும் தெரியும். டிரஸ்ஸிங் ரூம் ஃபினிஷிங் லைனுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. ஒரு கையால பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடினேன். அதுதான் நொண்டின மாதிரி இருந்துச்சு."

சார்ஜன் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் முகத்தில் இப்போதுதான் உண்மையான கோபம் தெரிந்தது. சட்டையில் தே தாரிக் கொட்டியபோதுகூட அது இல்லை. "அவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஹாரன் ஒலித்தது. அக்கா ஊத வேண்டிய ஹாரன். கூடாரம் ஓட்டப் பாதையை ஒட்டித்தான் இருந்தது. முதலில் வேகமாக ஓடுகிறவர்கள் நாலைந்து பேர், பிறகு ஒரு கூட்டம், பிறகு சாலையை அடைத்துக்கொண்டு பெருங்கூட்டம். எல்லார் நெஞ்சிலும் அக்கா. ஒல்லியான அக்கா, தொப்பையில் அகன்றுபோன அக்கா, மடிப்பில் ஒரு கண்ணை இழந்த அக்கா, வியர்வையில் நனைந்து கறுத்த அக்கா என்று நூற்றுக்கணக்கான இரட்டைப் பின்னல்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி எங்களைக் கடந்து போயின. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்த முடியவில்லை. நாற்காலி ஆட, கண்ணில் நீர் வர, ஐஸ் பை கீழே விழச் சிரித்தார். சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தார். சார்ஜன் வெளியே ஓடிக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தார், உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தார்.

கால் மணி நேரத்தில் மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார், கையில் ஒரு பூங்கொத்தோடு. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்ட, விழாவுக்கு வந்திருந்த விஐபி, எந்த மருத்துவமனை என்று விசாரித்திருக்கிறார். இப்போதே நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். அக்காவின் பெயரை முழுப் பட்டத்தோடு சொல்லி, தயவுசெய்து வந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். சார்ஜன் மெதுவாக எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"போஸ், உடம்பு சரியில்லாதவ எப்படி வருவேன்?" என்றார் அக்கா மேனேஜரிடம். "டாக்டர் யாரையும் பார்க்கக் கூடாதுன்னுட்டார்னு சொல்லிருங்க." மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பதவி உயர்வுக் கடிதம் இனி எப்போது வரும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. ஐந்து மாதம் கழித்து வந்தது. அவர் பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"அக்கா..." என்று சார்ஜன் தொடங்கினார். எழுதிய தாளைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க. நான் தாண்டினேன். உங்க சட்டை பாழாப் போச்சு. எழுதி முடிங்க, கையெழுத்துப் போடறேன்."

அவர் எழுதி முடித்து, எச்சரிக்கை கொடுத்து விடுவிக்கப்பட்டார் என்று கடைசி வரியில் சேர்த்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். சார்ஜன் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்ப அந்த ஷார்ட்ஸ்... நெசமா?"

"நெசம்."

வெளியே ஓட்டக் கூட்டம் முழுவதும் போய்விட்டிருந்தது. சாலையில் காலித் தண்ணீர் போத்தல்கள் மட்டும் கிடந்தன. வந்ததற்கு ஓட்டப் பாதையின் ஐந்து கிலோமீட்டரையும் நடந்துவிட்டாவது போகிறேன் என்றார் அக்கா. மூட்டு வீங்கியிருக்கிறது என்றேன். தெரியாதவர்கள் எல்லாம் யோசனை சொல்ல வேண்டாம் என்றார். அன்று முழுவதும் என்னை அவர் குத்திக்காட்டியது அந்த ஒரே ஒரு முறைதான். நானும் கூட நடந்தேன். ஒன்பது மணிக்குச் சாலையைத் திறந்துவிட வேண்டும் என்பது சார்ஜனுக்கு ஆர்டர். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நீல விளக்கை எரியவிட்டு, எங்கள் பின்னால் நடக்கிற வேகத்தில் வந்தார். சிறிது தூரத்தில் அதையும் நிறுத்தி, வண்டியை ஓர் இளம் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டு, தே தாரிக் காய்ந்த சட்டையோடு எங்கள் பக்கத்தில் நடக்கத் தொடங்கினார். ஒன்பதும் ஆனது, ஒன்பதே காலும் ஆனது. லிட்டில் இந்தியாவில் கடை திறக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பின்னால் லோரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. சார்ஜன் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கி அவற்றை அடக்கினார்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார் திடீரென்று. "அன்னிக்கு நான் பார்க்கல."

அக்கா நடந்துகொண்டே இருந்தார்.

"ஸ்டேடியத்துல இருந்தேன். அது நெசம். ஆனா டூட்டில இருக்கறவங்க கூட்டத்தப் பார்த்துத்தான் நிக்கணும். மைதானத்துக்கு முதுகு. திரும்பக் கூடாது. நீங்க என் பின்னால ஓடினீங்க. முப்பது வருசமா எல்லார்கிட்டயும் பார்த்தேன் பார்த்தேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். என் பொண்டாட்டிகிட்ட கூட."

அக்கா நின்றார். லோரிகளும் நின்றன. "நானும் ஒண்ணும் பார்க்கல சார்ஜன். கண்ணு முழுக்கத் தண்ணி. டிரஸ்ஸிங் ரூம் கதவு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. ஜனங்க என்ன செஞ்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாரும் சிரிச்சிருப்பாங்கன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க அவங்களப் பார்த்தீங்கதானே? சொல்லுங்க."

சார்ஜன் சொன்னார். மீதி இரண்டு கிலோமீட்டரும் சொன்னார். ஒரே நேரத்தில் எல்லாரும் 'ஐயோ' என்று எழுந்ததை, எலுமிச்சைத் தண்ணீர் விற்றவன் வாளியைக் கீழே வைத்ததை, ஒரு சீனக் கிழவர் தன் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மலாய்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டதை, ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மூடின முந்தானைக்குள்ளிருந்தே 'ஓடு, ஓடு' என்று கத்தியதை. "ஒருத்தர் கூடச் சிரிக்கல அக்கா. நான் முகம் முகமா பார்த்தவன்" என்றார். அக்கா சில இடங்களில் மட்டும், "அப்புறம்?" என்றார். நான் இரண்டடி பின்னால் நடந்தேன்.

முடிவுக் கோட்டில் யாரும் இல்லை. காற்றடைத்து நிறுத்தியிருந்த வளைவைச் சாய்த்து, காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது சாலையின் குறுக்கே மலைப்பாம்பு மாதிரி கிடந்தது. தாண்டப் போகிறார் என்று நானும் சார்ஜனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா அதன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார். "ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்லா" என்றார். சார்ஜன் சல்யூட் அடித்தார். அப்புறம்தான் சாலையைத் திறந்துவிட்டார். ஓய்வுபெற்ற பிறகு அவர் பந்திங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்காவுக்கு அவரிடமிருந்து ஒரு டின் முறுக்கு வருகிறது.

கார் இல்லாததால் நாங்கள் கொமுட்டர் ரயிலில் திரும்பினோம். எதிர் இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கழுத்தில் பதக்கம், நெஞ்சில் அக்கா. முதல் முறையாக ஓடி முடித்தவர் போலிருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது என்ற முகம். தன் டி-சட்டைப் படத்தையே அக்கா பார்ப்பதைக் கவனித்துவிட்டு, முன்னால் சாய்ந்து, "இவங்க யாருன்னு தெரியுமா ஆன்டி?" என்றார். கடைசி ஹர்டல், ரத்தம், ஸ்ட்ரெச்சர் என்று ஆரம்பித்து, ஷா ஆலம் தாண்டும்வரை சொன்னார். மூன்று கிலோமீட்டரில் தனக்குக் கால் பிடித்துக்கொண்டதாம். இவங்களை நினைத்துத்தான் முடித்தாராம்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. காலையில் தெரியாது என்று சொன்ன வாயால் இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "அண்ணே, இவங்கதான்..." என்று தொடங்கினேன். அக்காவின் நல்ல கால் என் பாதத்தின் மேல் வந்து இறங்கியது. நானூறு மீட்டர் ஓடிய கால். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பெரிய ஆளுதான் போலிருக்கு" என்றார் அக்கா அவரிடம். "அப்புறம் என்ன ஆச்சு, சொல்லுங்க."